ஜெர்மன் பாணி பில்ஸ்னரைச் சுவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய அளவில் பியர் காய்ச்சும் கிராஃப்ட் ப்ரூவரியின் பட்டியலில் கசப்பும் மணமும் தூக்கலான ஐபிஏ, கறுப்பான ஸ்டவுட், பழம் போட்ட புளிப்பு பியர் என்று வரிசையாக இருக்கும். நடுவில் ஏதோ ஒரு வரியில் ‘ஜெர்மன் பில்ஸ்’, அதாவது ஜெர்மன் பாணி பில்ஸ்னர், என்று போட்டிருப்பார்கள். சாதாரண பியர்தானே என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். அந்த ப்ரூவரியில் எவ்வளவு பொறுமை இருக்கிறது, எவ்வளவு சுத்தம் இருக்கிறது என்பது அந்த ஒரு கிளாஸில் தெரிந்துவிடும். பில்ஸ்னரைக் கவனித்துச் சுவைக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஜெர்மன் பில்ஸ்னர் எப்படி இருக்க வேண்டும்?

வெளிர் மஞ்சள் நிறம், எதிர்ப்பக்கம் தெரியும் தெளிவு, மேலே கலையாத வெள்ளை நுரை. வாயில் வைத்தால் மால்ட்டின், அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லியின், லேசான சுவை, அதோடு பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் பூவும் பச்சிலையும் கலந்த மணம். கடைசியில் இனிப்பு எதுவும் நாக்கில் ஒட்டாமல், வறண்ட, கசப்பான முடிவு. ஆல்கஹால் சுமார் 4.4 முதல் 5.2 சதவீதம். பியர் போட்டி நடுவர்கள் பின்பற்றும் பிஜேசிபி வழிகாட்டி, இதன் கசப்பை 22 முதல் 40 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) வரை என்று வகுத்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் முடிவுதான் எனக்கு முக்கியம். மூக்குக்கு நல்ல மணம் தரும் பியர் நிறைய உண்டு. விழுங்கியபின் கசப்பு எப்படி நிற்கிறது, எப்படி விலகுகிறது என்பதில்தான் நல்ல பில்ஸ்னரும் சுமாரான பில்ஸ்னரும் பிரிகின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

லாகரும் பில்ஸ்னரும் ஒன்றா?

எல்லா பில்ஸ்னரும் லாகர்தான். எல்லா லாகரும் பில்ஸ்னர் அல்ல. குளிரில் நொதித்து, குளிரிலேயே வாரக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தும் பியர்களுக்கெல்லாம் லாகர் என்பது பொதுப்பெயர். கறுப்பு லாகர் உண்டு, செம்பழுப்பு லாகரும் உண்டு. மியூனிக்கின் ஸ்பாட்டன் ப்ரூவரி 1894இல் கொண்டுவந்த ஹெல்லஸ் என்ற வெளிர் லாகர், அப்போது எங்கும் பரவிக்கொண்டிருந்த பில்ஸ்னருக்குப் பதிலாக வந்தது. அதில் மால்ட் முன்னால் நிற்கும், ஹாப்ஸ் பின்னால் நிற்கும். பில்ஸில் இது அப்படியே திரும்பிவிடும்.

பில்ஸ்னர் பிறந்தது செக் நாட்டில்தானே, அப்புறம் எப்படி ஜெர்மன் பில்ஸ்னர்?

ஆமாம், பிறந்த ஊர் பொஹீமியாவிலுள்ள பில்சென். 1838இல் அந்த ஊர்க்காரர்கள் மோசமாகப் போன பியரைப் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டியதாகச் சொல்வார்கள். அதன்பின் ஊரே சேர்ந்து ஒரு புது ப்ரூவரி கட்டியது. பவேரியாவின் வில்ஸ்ஹோஃபெனைச் சேர்ந்த யோசஃப் க்ரோல் என்ற ப்ரூவரை வேலைக்கு அழைத்தார்கள். அவர் 1842 அக்டோபரில் காய்ச்சிய பியர்தான் முதல் பில்ஸ்னர். ஆக, தொடக்கத்திலேயே இதில் ஒரு பவேரியக் கை இருந்தது. வெளிர் மால்ட், அருகிலேயே விளையும் சாட்ஸ் ஹாப்ஸ், உப்புகள் மிகக் குறைந்த பில்சென் தண்ணீர், பவேரிய முறையில் குளிர் நொதித்தல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. பழுப்பு பியரே பழகியிருந்த காலத்தில் பொன்னிறத்தில் ஒரு பியர் வந்தது.

ரயில் பாதைகள் வந்ததும் இந்த பியர் ஜெர்மனிக்குள் பரவியது. ஜெர்மன் ப்ரூவரிகளும் அதைக் காய்ச்சத் தொடங்கின. சாக்சனியின் ராடபெர்க்கில் 1872இல் தொடங்கிய ப்ரூவரி இந்த வகையையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. பிட்பர்க்கின் சைமன் ப்ரூவரி 1883இல் பில்ஸ் காய்ச்சத் தொடங்கியது. எங்கள் ஊர்ப்பெயரை நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பில்சென்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் பெயர் ஒரு பியர் வகையைக் குறிப்பதாகிவிட்டது என்று 1913இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்னது. காய்ச்சும் ஊரை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஜெர்மனியில் பலர் ‘பில்ஸ்’ என்று சுருக்கி எழுதுகிறார்கள்.

சுவையில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

செக் பில்ஸ்னரில் நொதிக்காத சர்க்கரை கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் வாயில் ஒரு கனம் வரும், ரொட்டியின் மேலோடு போன்ற மால்ட் சுவை வரும், நிறமும் ஒரு படி அடர்த்தி. கசப்பு பலமாக இருந்தாலும் அந்த மால்ட் அதை அணைத்துக்கொள்ளும். சில செக் பியர்களில் வெண்ணெய் வாடை லேசாக வந்தால்கூடத் தவறில்லை.

ஜெர்மன் பில்ஸில் ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். நொதித்து முடிந்தபின் பியரின் அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று கொண்டால்) 1.008 முதல் 1.013 வரை இறங்கிவிடும். செக் வகையில் அது 1.013க்கு மேலேதான் நிற்கும். எண்ணில் சின்ன வித்தியாசம், வாயில் பெரிய வித்தியாசம். பியரின் கனம் குறைந்துவிடுவதால் கசப்பு ஒளிந்துகொள்ள இனிப்பு இல்லை. 35 ஐபியு உள்ள ஜெர்மன் பில்ஸ், 40 உள்ள செக் பியரைவிடக் கசப்பாகத் தோன்றுவது இதனால்தான். தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. சல்ஃபேட் உள்ள தண்ணீரில் ஹாப்ஸ் கசப்பு கூர்மையாகும், முடிவு இன்னும் வறண்டு வரும்.

வெண்ணெய் வாடை ஜெர்மன் பில்ஸில் வந்தால்? குறைதான். இங்கே அதற்கு மன்னிப்பு இல்லை.

ஜெர்மனிக்குள்ளேயே ஒரே மாதிரியா?

இல்லை. வட கடலை ஒட்டிய ஃப்ரீஸ்லாந்தின் யேவர் பில்ஸ் கசப்புக்குப் பெயர்போனது. தெற்கே, பவேரியா பக்கம் போகப் போகக் கசப்பு தணிந்து மால்ட் மெல்ல உருண்டு வரும். கறுப்புக் காட்டுப் பகுதியின் ரோட்ஹவுஸ் பில்ஸ் மென்மைக்கும் கூர்மைக்கும் நடுவில் நிற்கும். கிராஃப்ட் ப்ரூவரி ‘ஜெர்மன் பாணி’ என்று எழுதினால், அவர்கள் எந்த மூலையைப் பார்த்துக் காய்ச்சினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வடக்கு பாணி என்றோ பவேரிய பாணி என்றோ யோசிக்காமல் பதில் வந்தால், அந்த ஆள் பில்ஸை நேசிக்கிறார் என்று நம்பலாம்.

பெரிய நிறுவனங்களே பில்ஸ்னர் செய்யும்போது கிராஃப்ட் ப்ரூவரி பில்ஸுக்கு என்ன தேவை?

பெரிய ஜெர்மன் ப்ரூவரிகள் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் பில்ஸ் காய்ச்சுவது பெரிய திறமை. ஆனால் அவர்களுடைய பியர் வெகுதூரம் பயணம் செய்து, கடை அலமாரியில் மாதக்கணக்கில் நின்று உங்களிடம் வருகிறது. பில்ஸ் மாதிரி மென்மையான பியரில் ஹாப்ஸ் மணம்தான் முதலில் போய்விடும். பக்கத்தில் ஒரு சின்ன ப்ரூவரி டேங்கிலிருந்து நேரே ஊற்றித் தந்தால், அந்த மணம் முழுதாகக் கிடைக்கும். பழைய பாட்டிலில் மட்டும் பில்ஸ் குடித்தவர்களுக்கு இது வேறு பியராகத் தோன்றும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லாகரைவிட அதிக வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகை பியர் இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். பில்ஸ் 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் மெதுவாக நொதித்து, பிறகு பூஜ்யத்துக்கு அருகில் நாலு வாரம், ஆறு வாரம் என்று படுத்துக் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் டேங்க் வேறு எதற்கும் கிடைக்காது. அந்த நேரத்தில் இரண்டு ஐபிஏ விற்றிருக்கலாம். சில டேங்குகளே வைத்திருக்கும் ப்ரூவரி அப்படியும் பில்ஸ் காய்ச்சுகிறது என்றால், ஆசையால்தான் காய்ச்சுகிறது. டென்வரின் பீர்ஸ்டாட் லாகர்ஹவுஸ் போன்ற இடங்கள் இந்தப் பொறுமையையே தங்கள் அடையாளமாக்கியிருக்கின்றன.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தேதி. வேறு எதையும் பார்க்காவிட்டாலும் தேதியைப் பாருங்கள். கேனில் அடைத்த நாள் அச்சிட்டிருந்தால் நல்லது. இரண்டு மூன்று மாதத்துக்குள், அதுவும் குளிரில் வைத்திருந்ததாக இருந்தால் நம்பி எடுக்கலாம். அறை வெப்பத்தில் அடுக்கி வைத்திருந்த பில்ஸை நான் தொடமாட்டேன்.

அப்புறம் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்களை வெளிச்சம் உடைக்கும்போது, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் உருவாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றம் அது. கொஞ்ச நேர வெயிலே போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காப்பாற்றும். பச்சை பாட்டில் மிகக் குறைவாகவே காப்பாற்றும், நிறமற்ற பாட்டில் சுத்தமாகக் காப்பாற்றாது. கேனில் இந்தத் தொல்லையே இல்லை. சிலருக்குப் பச்சை பாட்டில் பியர் என்றாலே அந்த வாடைதான் பழக்கம், அதுதான் பில்ஸ்னர் மணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பியர் கெட்டுப்போன வாடை.

எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்?

5 முதல் 8 டிகிரிக்குள். பனிக்கட்டி உறையும் அளவு குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும், மணமும் எழாது. ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். முதல் பாதியைக் குளிரோடும் மீதியைக் கொஞ்சம் ஏறிய வெப்பத்திலும் சுவைத்துப் பாருங்கள். குறைகள் இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் பாதியில் வெளியே வரும்.

எந்த கிளாஸ்?

உயரமான, குறுகலான பில்ஸ்னர் கிளாஸ் அல்லது வாய்ப்பகுதி சற்றுக் குறுகிய, காலுள்ள டூலிப் கிளாஸ். எதுவும் இல்லையென்றால் ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். வடிவத்தைவிடச் சுத்தம் முக்கியம். எண்ணெய்ப்பசையும் சோப்பின் மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். கிளாஸின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் படர்ந்தால் சுத்தம், திட்டுத் திட்டாகப் பிரிந்தால் மறுபடி கழுவ வேண்டும். பியரை ஊற்றியபின் குமிழ்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அழுக்கு இருக்கிறது என்று பொருள்.

நல்ல பில்ஸை ஊற்ற ஏழு நிமிடம் ஆகும் என்கிறார்களே?

ஜெர்மனியில் பழைய பேச்சு அது. ஏழு நிமிடம் வைத்தால் வாயு நிறையப் போய்விடும், பியர் சூடாகிவிடும், அதனால் நான் அதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது: ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. நேராக வைத்த கிளாஸின் நடுவில் ஊற்றி நுரையை எழவிடுங்கள், அடங்கவிடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். மூன்று தடவையில், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். இப்படிச் செய்தால் அதிகப்படி வாயு வெளியேறிக் கசப்பு மென்மையாகும், நுரை கெட்டியாகி விளிம்புக்கு மேலே நிற்கும். சாய்த்து வைத்து நுரையே இல்லாமல் ஊற்றினால் அந்த வாயு முழுவதும் வயிற்றுக்குத்தான் போகும்.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னிறம் வரை சரி. அதைத் தாண்டி அடர்ந்தால் கேள்வி கேட்கலாம். நுரை வெள்ளையாக, நெருக்கமான சின்னக் குமிழ்களோடு இருக்க வேண்டும். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக நுரைத் தடம் விட வேண்டும். மால்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்துதான் நுரையைத் தாங்குகின்றன. அதனால் நல்ல நுரைத்தடம் இருந்தால் அந்த இரண்டும் போதிய அளவு இருக்கின்றன.

பில்ஸ் மங்கலாக இருந்தால் தப்பா?

வடிகட்டாமல் தரும் ‘கெல்லர்பில்ஸ்’ மங்கலாகத்தான் இருக்கும், ஈஸ்ட் கொஞ்சம் தொங்கும், வாயில் வழவழப்பு கூடும். அந்தப் பெயரில் தந்தால் சரி. பெயர் போடாமல் மங்கலாக வந்தால், பக்குவப்படும் காலத்தைக் குறைத்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் வரும். நீண்ட நாள் குளிரில் கிடந்த லாகர், வடிகட்டாவிட்டாலும் தானே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மூக்கில் என்ன தேட வேண்டும்?

ஊற்றிய உடனே, நுரை எழும்போதே முகர்ந்துவிடுங்கள். முதல் மணம் அப்போதுதான் இருக்கும். பில்ஸின் ஹாப்ஸ் மணம் ஐபிஏ மாதிரி அறை முழுதும் பரவாது. காட்டுப்பூ, உலர்ந்த புல், பச்சிலை, லேசான மிளகுக் காரம், சில சமயம் எலுமிச்சைத் தோல். பின்னால் பிஸ்கட்டையும் தானியத்தையும் நினைவூட்டும் மால்ட் மணம். பழ வாடை, வாழைப்பழம், கிராம்பு எல்லாம் வரக் கூடாது. அவை சூட்டில் நொதித்ததின் அடையாளம், அல்லது வேறு ஈஸ்டின் வேலை.

ஊற்றியதும் தீக்குச்சி உரசிய வாடை போலக் கந்தகம் மெல்ல வந்து ஒரு நிமிடத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். லாகர் ஈஸ்ட் இயல்பாகவே கொஞ்சம் கந்தகம் விடும். எனக்கு அது பிடிக்கும், பியர் புதுசு என்பதன் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன். அழுகிய முட்டை வாடையாக நிலைத்துவிட்டால் அது வேறு விஷயம்.

வாயில் வைத்துச் சுவைப்பதற்கு முறை இருக்கிறதா?

இருக்கிறது. சிக்கலான முறை இல்லை, ஆனால் வரிசை முக்கியம்.

முதல் மடக்கை மதிப்பிட வேண்டாம். அது வாயைத் தயார்படுத்த மட்டும். இரண்டாவது மடக்கைச் சற்றுப் பெரிதாக எடுத்து, நாக்கின் மேல் ஓரிரு விநாடி வைத்திருங்கள். மால்ட் அங்கேதான் தெரியும்: லேசான இனிப்பு, ரொட்டி, தானியம். வாயு நாக்கைக் குத்தாமல் கூச்சம் காட்டும் அளவுக்கு இருக்க வேண்டும். நடுவில் ஹாப்ஸ் வந்து மால்டைத் தாண்டும். அப்போது விழுங்குங்கள்.

ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவது போலப் பில்ஸைத் துப்பினால் பாதிக் கதை போய்விடும். கசப்பு நாக்கு முழுதும் தெரியும் என்றாலும், அடிநாக்கிலும் தொண்டையிலும் அது நடந்துகொள்ளும் விதம் விழுங்கினால்தான் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுங்கள். பூ மணம் இன்னொரு முறை, இம்முறை உள்ளேயிருந்து வரும்.

இனி எதுவும் செய்யாமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பத்து விநாடி போதும், இருபது இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் அடுத்த மடக்குக்குப் போய்விடுகிறார்கள். கசப்பு எழுந்து, உச்சத்தைத் தொட்டு, நேர்க்கோடாக இறங்குகிறதா? இறங்கும்போது வாய் சுத்தமாகிறதா? இனிப்போ பசையோ ஒட்டவில்லையே? நாக்கு வறண்டு மறுபடியும் ஒரு மடக்கு கேட்கிறதா? இந்த நாலும் ஆம் என்றால் உங்கள் கையில் இருப்பது நல்ல பில்ஸ், லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி.

இங்கே கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கசப்பு ஒரு சுவை, சுத்தமாக வந்து சுத்தமாகப் போகும். துவர்ப்பு நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பிடித்து இழுக்கும், அதிக நேரம் ஊறிய தேநீர் மாதிரி. மால்ட் உமியைச் சூடான தண்ணீரில் அளவுக்கு மீறி அலசினாலும் தண்ணீரின் காரத்தன்மை கூடினாலும் அது வரும். கசப்பு தாங்கவில்லை என்று சிலர் ஒதுக்கிய பியரில் உண்மையான குறை துவர்ப்பாகவே இருக்கும்.

ஐபியு எண்ணைப் பார்த்துக் கசப்பை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா?

ஓரளவுக்குத்தான். அது பியரில் கரைந்துள்ள கசப்புப் பொருளின் அளவு. எவ்வளவு இனிப்பு மிச்சம், தண்ணீரில் என்ன உப்பு, எந்த ஹாப்ஸ் என்பதை அது சொல்லாது. மேலே செக், ஜெர்மன் ஒப்பீட்டில் பார்த்ததுதான்.

எனக்குக் கசப்பு பிடிக்காது. பில்ஸ் எனக்கு ஒத்துவருமா?

முதலில் ஹெல்லஸில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பவேரிய பாணி பில்ஸ், கடைசியில் வடக்கு பாணி. ஒரே மாலையில் எல்லாவற்றையும் ஏற வேண்டியதில்லை. கசப்பு பழகும் சுவை. பழகாவிட்டாலும் பாதகமில்லை, ஹெல்லஸ் அருமையான பியர்.

எவையெல்லாம் குறை? எதனால் வருகின்றன?

பில்ஸில் நான் அடிக்கடி சந்திப்பது வேகவைத்த சோளத்தின் வாடை. டைமெத்தில் சல்ஃபைடு, சுருக்கமாக டிஎம்எஸ். வெளிர் மால்டை லேசான சூட்டில்தான் உலர்த்துகிறார்கள், அதனால் இந்த வாடையின் மூலப்பொருள் அதில் நிறையத் தங்கிவிடுகிறது. கொதிக்கும்போது அது டிஎம்எஸ்ஸாக மாறி ஆவியோடு போக வேண்டும். பல ப்ரூவர்கள் 90 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, முடிந்ததும் வேகமாகக் குளிர்விப்பது இதற்காக. கொதி பலமில்லாமலோ, குளிர்விக்க நேரமானாலோ சோளம் கிளாஸில் வந்து நிற்கும். மிக லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன். முதல் மூச்சிலேயே சோளம் என்று தோன்றினால் மாட்டேன்.

வெண்ணெய் வாடைக்குக் காரணம் டையசெட்டில். நொதிக்கும்போது உருவாகும், ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் குளிரில் ஈஸ்ட் மந்தமாக வேலை செய்யும். அதனால் நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை 15, 16 டிகிரி வரை ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுவார்கள். அவசரப்பட்டு இதைத் தவிர்த்தால் வெண்ணெயும் நாக்கில் வழுக்கலும் மிஞ்சும். பியர் வரும் குழாய்களைச் சரியாகக் கழுவாவிட்டாலும் இதே வாடை வரும். ஆகவே ஊற்றிக் குடிக்கும் இடத்தில் வெண்ணெய் வந்தால் உடனே ப்ரூவரைக் குறை சொல்லிவிடக் கூடாது. அதே பியரைக் கேனில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பச்சை ஆப்பிள் வாடை என்றால் அசிட்டால்டிஹைடு: பியர் இன்னும் பிஞ்சு, முதிரவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது, அல்லது பழசாகிவிட்டது. வெளிச்சம் பட்ட வாடையை முன்பே சொன்னேன்.

அடர்ந்த கறுப்பு பியரிலும் ஹாப்ஸைக் கொட்டிய ஐபிஏயிலும் இவற்றில் பாதி அமுங்கிவிடும். பில்ஸில் அமுக்க எதுவும் இல்லை. அதனால்தான் ப்ரூவர்களே ஒருவரை ஒருவர் எடைபோட இந்தக் கிளாஸைக் கேட்கிறார்கள்.

ஹாப்ஸ் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சில பெயர்கள் தெரிந்தால் சுவை கூடும். மியூனிக்குக்கு வடக்கே ஹாலர்டாவ், போடன் ஏரிக்கு அருகே டெட்னாங், நூரம்பர்க்குத் தெற்கே ஸ்பால்ட். மூன்றும் ஹாப்ஸ் விளையும் பகுதிகள், அங்கே விளையும் பழைய ரகங்களுக்கும் அந்தப் பெயர்களே. செக் நாட்டு சாட்ஸோடு சேர்த்து இந்த நான்கையும் ‘நோபிள் ஹாப்ஸ்’ என்பார்கள். ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ மென்மையான பூ மணம் தரும், டெட்னாங் கொஞ்சம் மிளகுத்தன்மை, ஸ்பால்ட் மண்ணும் பச்சிலையும். புதிய ரகமான சஃபீரில் எலுமிச்சை இனப் பழங்களின் சாயல் உண்டு. அமெரிக்க ரகங்களைப் போட்டு மாம்பழ மணம் வரவைத்துவிட்டு ‘ஜெர்மன் பாணி’ என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நல்ல பியராக இருக்கலாம், வேறு பெயர் கொடுக்கட்டும்.

‘இத்தாலிய பில்ஸ்னர்’ என்று பார்த்தேன். அது என்ன?

ஜெர்மன் பில்ஸில், நொதித்த பிறகு குளிரிலேயே ஹாப்ஸைப் போட்டு ஊறவைப்பது. லொம்பார்டியின் லுராகோ மரினோனே ஊரில் பிர்ரிஃபீச்சோ இத்தாலியானோ ப்ரூவரியை நிறுவிய அகோஸ்தினோ ஆரியோலி 1996இல் ‘டிப்போபில்ஸ்’ பியரோடு இதைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ப்ரூவரி அதனால் ஈர்க்கப்பட்டுச் சஃபீர் ஹாப்ஸோடு ‘பீவோ’ பில்ஸைக் காய்ச்சியது. பூ மணம் இன்னும் தூக்கலாக இருக்கும், வறண்ட முடிவு மாறாது. முடிவைக் காப்பாற்றியதால்தான் இது எனக்குப் பிடித்த கிளை.

1516 தூய்மைச் சட்டப்படி காய்ச்சியது என்று லேபிள் சொல்கிறது. அது தரச் சான்றா?

இல்லை. பவேரியாவின் கோமகன் நான்காம் வில்ஹெல்ம் 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட்டில் பிறப்பித்த ஆணை அது. பியரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றது, விலைக்கும் வரம்பு போட்டது. ஈஸ்ட் அதில் இல்லை, அப்போது அதை யாரும் தனிப்பொருளாக அறிந்திருக்கவில்லை. 1906இல் இந்த விதி ஜெர்மனி முழுவதற்கும் வந்தது. அதைக் காட்டி வெளிநாட்டு பியரைத் தடுக்கக் கூடாது என்று 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விதிக்குள் நின்றே மோசமான பியரும் காய்ச்சலாம். ஆனால் விதியை மதிக்கிற ப்ரூவர்களின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கும். மாவுக் கரைசலின் புளிப்பைச் சரிசெய்ய அமிலம் ஊற்றாமல், லாக்டிக் அமிலம் ஊறிய ‘சவர்மால்ட்’ என்ற மால்டைச் சேர்ப்பார்கள்.

சுவைக் குறிப்பு எழுதுவது எப்படி?

சொல் அலங்காரம் வேண்டாம். கண்டதைக் கண்ட வரிசையில் எழுதுங்கள், முடிவுக்கு அதிக இடம் கொடுங்கள். இப்படி:

‘அடைத்து ஐந்து வாரம். வெளிர் பொன், தெளிவு, நுரை கடைசி வரை நின்றது. முதலில் லேசான கந்தகம், பிறகு காட்டுப்பூ, உலர்ந்த புல். மால்ட் மெலிது, தானியச் சுவை. கசப்பு மெதுவாக ஏறி நீண்ட நேரம் நின்றது, துவர்ப்பு இல்லை. சூடேறியதும் சோளம் ஒரு துளி. மறுபடி வாங்குவேன்.’

இது போதும். ‘அருமை’, ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது.

ஒரே அமர்வில் எத்தனை பில்ஸ் சுவைக்கலாம்?

மூன்று அல்லது நான்கு, அதுவும் சின்ன கிளாஸில். கசப்பு நாக்கில் சேர்ந்துகொண்டே போகும், நாலுக்கு மேல் எல்லாம் ஒன்றாகிவிடும். மென்மையானதில் தொடங்கிக் கசப்பானதில் முடியுங்கள். இடையில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். ஐபிஏ குடித்த பிறகு பில்ஸைச் சுவைப்பது வீண். சுவைத்த நாளில் வண்டி ஓட்ட வேண்டாம், சின்ன கிளாஸ்களும் கூட்டினால் பெரிய அளவாகிவிடும்.

ஒப்பிட எந்த பியர்களை வைத்துக்கொள்வது?

யேவரை ஒரு முனையாகவும் ரோட்ஹவுஸை நடுவிலும் பில்செனில் காய்ச்சும் பில்ஸ்னர் உர்குவெல்லைச் செக் பக்கத்திலும் வையுங்கள். கிராஃப்ட் பக்கம், பென்சில்வேனியாவின் விக்டரி ப்ரூவரி காய்ச்சும் ‘ப்ரைமா பில்ஸ்’ ஹாப்ஸ் தூக்கலான ஜெர்மன் பாணிக்கு நல்ல அளவுகோல். உங்கள் ப்ரூவரியின் பில்ஸை யேவருக்கும் உர்குவெல்லுக்கும் நடுவில் வைத்து, லேபிள் தெரியாமல் வேறு யாரையாவது ஊற்றச் சொல்லிச் சுவையுங்கள். எதன் பக்கம் சாய்கிறது என்பது இரண்டு மடக்கில் தெரிந்துவிடும்.

திறந்த கேனில் மீதியை நாளைக்கு வைக்கலாமா?

வேண்டாம். வாயுவும் ஹாப்ஸ் மணமும் இரவோடு போய்விடும், ஆக்ஸிஜன் உள்ளே போய்விடும். முழுதாகக் குடிக்க முடியாதென்றால் சின்ன கேனாக வாங்குங்கள், அல்லது பகிர்ந்துகொள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.